லேபிளுக்கு மேலே ஒரு சிலுவைத் தையல்

கர்த்தருக்குள் பிரியமான பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இடது முழங்கால் ஒன்றைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் எல்லாமும் ஆண்டவர் கிருபையால் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே சுகமாக இருக்க வேண்டும் என்று உங்கள் பெயரைச் சொல்லி ஜெபித்துத்தான் தினமும் தையல் கடையைத் திறக்கிறோம். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் டியூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய், இது பாதியில் வைக்கிற விஷயம் இல்லை. அதனால் ஒரு டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்து முழுதாகப் படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் ஜெயித்துவிட்டோம். தற்பெருமை என்று மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும், இந்த ஒரு தடவை நான் பெருமைப்படத்தான் போகிறேன்.

மற்ற செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். கடைக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டிருந்த கூரையை உன் தம்பி ஏறிச் சரிசெய்தான், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. பெரிய மெஷினுக்குப் புது மோட்டார் போட்டாயிற்று, சத்தமே இல்லை, பழைய சத்தம் இல்லாததால் உன் அப்பாவுக்கு மத்தியானம் தூக்கம் வரமாட்டேன் என்கிறதாம். காஜா அக்கா உன்னை விசாரித்தாள். நீ பிறந்த வருஷத்திலிருந்து நம் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுத்து எடுத்து அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது, அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்புறம், நீ போன மாதம் எழுதியதை நான் மறக்கவில்லை. உன் வார்டில் இருக்கிற சீனியர் நர்ஸ் உன்னைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்லித் திரிகிறாள், ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடிவிட்டு வருவது சுலபமாக இருக்கிறது, திங்கட்கிழமை அவள் முகத்தில் விழிக்கும்போது நான் கிறிஸ்தவளாக இருப்பது எப்படி என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நீ கேட்கமாட்டாய். இங்கே நடந்ததை எழுதுகிறேன், அதில் உனக்கு ஏதாவது கிடைத்தால் எடுத்துக்கொள்.

உன் அத்தையைப் பற்றித்தான். ஆமாம், அதே அத்தைதான், நீ முகத்தைச் சுளிப்பது இங்கே தெரிகிறது. அவள் நம் கடையிலிருந்து பிரிந்து போய்த் தெருமுனையில் தனிக்கடை போட்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது என்பது உனக்குத் தெரியும். அவள் போனதுகூட எனக்கு வலிக்கவில்லை, போகும்போது எங்க அண்ணிக்கு ஒரு காலர் நேரா வைக்கத் தெரியாது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டுப் போனாளே, அதுதான். அப்புறம் உன் கல்யாணத்துக்கு அழைப்பை அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்தும் வரவில்லை. சொந்த அண்ணன் மகள் கல்யாணம். அன்றைக்கு உறவுக்காரர்கள் எல்லாம் அத்தை எங்கே அத்தை எங்கே என்று கேட்டபோது உன் அப்பா நின்ற நிலையை நான் பார்த்தேன், அதற்குப் பிறகு அவளை மனதிலிருந்தே வெட்டிவிட்டேன். ஆலயத்தில் அவள் ஜன்னல் பக்கம், நான் கதவுப் பக்கம். சமாதான வாழ்த்துச் சொல்லுகிற நேரத்தில் இரண்டு பேரும் எதிரெதிர் திசையில் திரும்பிக் கைகொடுப்போம். அதில் எங்களுக்கு நல்ல பழக்கம்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு காஜா அக்கா ஓடிவந்து, அக்கா விஷயம் தெரியுமா, அந்தக் கடையம்மா துணிக்கட்டோட படியில விழுந்து வலது மணிக்கட்டு ஒடஞ்சு போச்சாம், பெரிய கட்டுப் போட்டிருக்காங்களாம் என்றாள். எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று உனக்கு மறைக்கமாட்டேன், உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. வாயில் அய்யோ பாவம் என்றேன், மனது வேறு சொன்னது. விஷயம் வெறும் மணிக்கட்டோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் முழுவதும் இந்த வருஷம் அவளுடைய ஆர்டர். அவளிடம் தைக்கிற பெண்களில் ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருந்தாள், மற்றவர்களால் பாதிகூடத் தைக்க முடியாது. திறக்கிற அன்றைக்குப் பிள்ளைகள் கையில் உடை இல்லாவிட்டால் இனிமேல் ரெடிமேட் கம்பெனிக்கே கொடுத்துவிடுவோம் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்களாம். அந்த ஆர்டர் போனால் அவள் கடை இல்லை, அங்கே உட்கார்ந்து தைக்கிற பெண்களுக்குச் சோறும் இல்லை. இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன். நம் கடையிலும் தலைக்கு மேல் வேலை.

அன்று சாயங்காலம் வீட்டு ஜெபத்தில் வழக்கம்போல அப்பா சொல்ல நாங்கள் கூடச் சொல்லிக்கொண்டிருந்தோம். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் மற்றவர்களை மன்னிக்கிறதைப் பற்றிய வரி வருமே, அதை நான் எப்போதுமே கொஞ்சம் வேகமாகத் தாண்டுவேன். அன்றைக்கு உன் அப்பா அந்த வரிக்கு முன்னால் வந்து நிறுத்திவிட்டார். தாகமா இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வரேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. ஒரு டம்ளர் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் ஆகும். நான் கண்ணை மூடியபடி அந்த வரியோடு தனியாக உட்கார்ந்திருந்தேன், உன் தம்பி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறான், சொல்லவும் முடியவில்லை, ஆமென் போட்டு எழுந்திருக்கவும் முடியவில்லை. கடைசியில் சமையலறையைப் பார்த்து, ஏங்க, போதும் வாங்க, நாளைக்கு உங்க தங்கச்சி கடைக் கட்டிங் மாஸ்டரைப் பின்வாசல் வழியா வரச் சொல்லுங்க என்றேன். உடனே வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைச் சொன்னார். தண்ணீர் குடித்த மாதிரியே தெரியவில்லை.

கட்டிங் மாஸ்டர் உன் அத்தை கடையில் துணி வெட்டுகிறவர், பயந்த மனிதர். வெட்டி வைத்த துணியெல்லாவற்றையும் இங்கே கொண்டுவாருங்கள், நாங்கள் தைத்துத் தருகிறோம், அவளுக்குத் தெரியவேண்டாம் என்றதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவுக்குத் தெரிஞ்சா என் கழுத்துக்கே காலர் வச்சுத் தச்சிருவாங்க என்றார். தெரிந்தால் வாங்கமாட்டாள், அதனால்தான் தெரியக்கூடாது என்றேன். அதற்காகப் பொய் சொல்லவும் வேண்டாம், வெளியில கொடுத்திருக்கேன்னு மட்டும் சொல்லுங்க, அது உண்மைதானே என்று சொல்லி அனுப்பினேன். செய்கிற உதவியைத் தம்பட்டம் அடிக்கக்கூடாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், இந்த ஒரு விஷயத்திலாவது அவர் சொன்னபடி செய்துகாட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. நம் கடைப் பெண்களைக் கூப்பிட்டு யாரும் வெளியே மூச்சு விடக்கூடாது என்று வாய்க்குப் பூட்டுப் போட்டேன். பகலில் நம் வேலை, சாயங்காலம் கடைக்கதவைச் சாத்தியபின் அவள் வேலை.

தைக்கத் தைக்கத்தான் பாப்பா எனக்கு எரிச்சல் வந்தது. ஏன் என்றால் வெட்டு நன்றாக இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. அதுமட்டுமில்லை, பாவாடைக்கும் கால்சட்டைக்கும் உள்மடிப்புக்கென்று நாம் விடுவதைவிட இரண்டு மடங்கு துணி விட்டிருந்தாள். துணியை வீணாக்குகிறாளே என்று நான் முணுமுணுத்தேன். மாஸ்டர் சொன்னார், வேணும்னுதான் விடச் சொல்லுவாங்க, பிள்ளை வளந்ததும் அம்மாக்காரி மடிப்பப் பிரிச்சு இறக்கிக்கலாம், அடுத்த வருஷம் புதுசு வாங்க வேண்டாம் பாருங்க என்று. புதுசு வாங்காவிட்டால் நஷ்டம் அவளுக்குத்தானே. இத்தனை வருஷமாக நான் மட்டும்தான் ஆண்டவருக்காகத் தைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவளும் அவள் பங்குக்குச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறாள், தெருமுனையில், என் கண்ணுக்கு எதிரே.

எல்லாம் முடிந்து, அப்பா ஒவ்வொன்றாக அயர்ன் பண்ணி அடுக்க, தம்பி வண்டியில் ஏற்றிப் பின்வாசல் வழியாகவே அனுப்பிவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்கும் தெரியாமல் இவ்வளவு பெரிய காரியத்தை முடித்துவிட்டோம் என்று எல்லாருக்கும் பன் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் காஜா அக்கா நம் கடை கவுன் ஒன்றை முடித்துக் காலரைப் புரட்டினாள், ஊசியை உள்ளே விட்டாள், அப்படியே சிலைமாதிரி உட்கார்ந்துவிட்டாள். அக்கா, அந்த யூனிஃபார்ம்ல நான் இதப் போட்டேனா போடலையா என்றாள். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியாதா, நீ முதன்முதலில் பள்ளிக்கூடம் போனபோது உன் சட்டைக் காலருக்குள் நான் நீல நூலில் சின்னதாக ஒரு சிலுவைத் தையல் போட்டு, போட்டுக்கிற பிள்ளை நல்லா இருக்கணும் ஆண்டவரே என்று சொல்லி நூலை அறுத்தேனே, அதிலிருந்து இந்தக் கடையை விட்டுப் போகிற எந்த உடைக்கும் கடைசி ஊசி அதுதான். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் முடிச்சு, ஜெபம் எங்களோடது. அவள் கேட்டதும் நான் அடுத்தவளைப் பார்த்தேன், அவள் அதற்கடுத்தவளைப் பார்த்தாள். எல்லார் கையும் போட்டிருக்கிறது. என் கையும்தான். வாய்க்குத்தான் பூட்டுப் போட்டேன், கைக்குப் போட மறந்துவிட்டேன்.

அந்தத் தையலை உன் அத்தைக்குத் தெரியாதா, நம் கடையில் இருந்தபோது அவளே எத்தனையோ போட்டிருக்கிறாள். நான் வேண்டுமென்றே அவள் சரக்கில் என் முத்திரையைக் குத்தி அனுப்பியதாகத்தான் நினைப்பாள். அவமானப்படுத்தவே செய்தேன் என்று ஊரெல்லாம் சொல்வாள், கோபத்தில் மொத்தத்தையும் தூக்கி எறிந்தாலும் எறிவாள், அப்புறம் அந்தப் பிள்ளைகள் எதைப் போட்டுக்கொண்டு போகும். உன் அப்பா இஸ்திரி மேஜை பக்கத்தில் நின்றுகொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏங்க, ஒவ்வொரு காலரையும் நீங்கதானே தேச்சீங்க, கண்ணுல படலையா என்றேன். பட்டுச்சே என்றார். பட்டதுன்னா ஏன் சொல்லல என்றேன். நீ கேக்கலையே என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். பாப்பா, அந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் எனக்கு அவரைப் புரியவில்லை என்று நினைத்தேன். இப்போது புரிகிறது. தன் தங்கைக்கு அவர் எழுதத் தெரியாத கடிதத்தை நாங்கள் எழுதினோம், அவர் அதை மடிப்புக் கலையாமல் தேய்த்து அனுப்பிவிட்டார்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன், எப்படியாவது அவற்றைத் திரும்ப வாங்கிப் பிரித்துவிடலாம் என்று. வாசலிலேயே மாஸ்டர் எதிரே வந்தார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டோம். உன் அத்தை அன்றைக்குக் கட்டோடு கடைக்கு வந்து, இடது கையால் ஒரு சட்டையை எடுத்துக் காலரைப் புரட்டியிருக்கிறாள். கொஞ்ச நேரம் பார்த்தாளாம். இன்னொன்றை எடுத்துப் புரட்டினாளாம். அடுக்கிலிருந்து இன்னும் இரண்டு மூன்று. அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து, கத்தரிக்கோலைக் குடுங்க என்று கேட்டாளாம். போச்சு, எல்லாத்தையும் வெட்டிப் போடப் போறாங்கன்னு நான் கண்ண மூடிக்கிட்டேன் என்றார் மாஸ்டர். அவள் ஒரு காலரில் நீட்டிக்கொண்டிருந்த பிசிறு நூலை நறுக்கிவிட்டுக் கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர்கள் கடை லேபிள் தைப்பது சரியாக அந்த இடத்தில்தான், வழக்கம்போலத் தைத்தால் நம் தையலை அது மூடிவிடும், ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. பெண்கள் லேபிளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும் அவள் சொன்னாளாம், லேபிள ஒரு விரல் கீழ தள்ளித் தைங்க, அது மேல தைக்காதீங்க என்று. அவ்வளவுதான். காஜா அக்கா அழுதாள், நான் அழவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் நான் கடை வாசலை விட்டு நகரவில்லை. தெரு முழுக்கப் பிள்ளைகள், எல்லாம் புது உடை, கஞ்சி விறைப்போடு. ஒருவன் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறான், ஒருத்தி அழுதுகொண்டே போகிறாள், ஒருத்தி உள்மடிப்பு தெரிய பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அத்தனை கழுத்துக்கும் பின்னால் ஒரு விரல் இடைவெளியில் அவள் கடைப் பெயரும் எங்கள் ஜெபமும் சேர்ந்து போகிறது, அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. நான் வாழ்க்கையில் பெரிய மேடை எதிலும் ஏறியதில்லை பாப்பா, ஆனால் அன்றைக்கு அந்த வாசலில் நின்றபோது ராஜா போருக்குப் போய் ஜெயித்துவிட்டுத் திரும்புகிற ஊர்வலத்தைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சத்தமாகவே சொன்னேன், எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லுகிற நேரம் வந்தபோது ஜன்னல் பக்கத்திலிருந்து உன் அத்தை எழுந்தாள். எழுந்து பேசுகிற பழக்கமே இல்லாதவள். போதகரே ஆச்சரியத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவள் கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். என் கை ஒடஞ்சப்போ எனக்கு ஆண்டவர் மேல கோபம், என் வேலைய இனி யாரு செய்வான்னு கேட்டேன், எங்க அண்ணிய அனுப்பினாரு, என்னைக் கேட்டிருந்தா வேற யாரையாவது அனுப்பச் சொல்லியிருப்பேன் என்றாள். சபையே சிரித்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. காலரெல்லாம் நேராத்தான் இருந்துச்சு, நான் முன்னாடி சொன்னது தப்பு, காஜா மட்டும் கொஞ்சம் இறுக்கமா எடுத்திருக்கலாம், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள். காஜா அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது, இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள். அடுத்து சமாதான வாழ்த்து. நான் பழக்கதோஷத்தில் கதவுப் பக்கமே திரும்பிவிட்டேன். யாரோ தோளைத் தொட்டார்கள். அத்தனை பெஞ்சையும் தாண்டி வந்து நிற்கிறாள், வலது கை கொடுக்க முடியாததால் இடது கையை நீட்டிக்கொண்டு. சமாதானம் அண்ணி என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலமாயிற்று. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன், போதகர் அடுத்த பாட்டைத் தொடங்கியும் விடவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தால் அவர் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார், தலைகீழாக.

ஆகவே உன் வார்டு சீனியரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. போய்ச் சிரித்துப் பேசு, கட்டிப்பிடி என்றெல்லாம் சொல்லமாட்டேன், எனக்கே அது முடியவில்லை. எனக்குத் தைக்கத் தெரியும், தைத்தேன். உனக்கு என்ன தெரியுமோ அதில் ஒன்று என்றைக்காவது அவளுக்குத் தேவைப்படும், அப்போது உன் கை உன்னைக் கேட்காமலே செய்துவிடட்டும். அதுவரைக்கும் அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே, அவளுக்காக ஜெபம் பண்ணு, வேகமாகத் தாண்டிப் போகாமல் பண்ணு.

இன்னொன்று. நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா என்று எழுது. இருவரையும் கர்த்தர் தம்முடைய கைக்குள் வைத்துக் காப்பாராக, உங்கள் போக்கும் வரவும் சமாதானமாக இருப்பதாக. இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அத்தை வந்துவிட்டாள், இப்போதெல்லாம் சாயங்காலம் டீ இங்கேதான். தானும் இரண்டு வரி எழுத வேண்டுமாம், நான் பார்க்கக்கூடாதாம், எழுதி அவளே ஒட்டித் தபாலில் போட்டுவிடுவாளாம். இடம் விட்டிருக்கிறேன். என்னைப் பற்றி ஏதாவது குறை சொல்லியிருந்தால் எனக்கு எழுது.

நிறைந்த ஆசீர்வாதத்தோடு,
உன் அம்மா

பாப்பா, அத்தை எழுதுகிறேன். இடது கை, அதனால் கோணல். உன் அம்மா எழுதியது எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வந்தேன். ஆலயத்துக்கு எதிரே மருந்துக்கடைப் படியில் நின்றேன். நீ காரிலிருந்து இறங்கி உடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறவரைக்கும் பார்த்தேன். தெருவைக் கடந்து உள்ளே வரத்தான் கால் வரவில்லை. ரொம்ப அழகாக இருந்தாய். இதை உன் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, எனக்கு வாய் வராது.